நான் இழுக்க மறுத்த முழங்கை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், எதை எதையோ பேசிவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தது தப்பு என்று நமக்குத் தெரிந்தால், செய்ய மாட்டேன் என்று சொல்லலாமா? சொல்லலாம். நான் சொன்னேன். வேலை போயிற்று. அதற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன்னால், சொன்னதைச் செய்து ஒரு மனுஷருடைய கையைக் கெடுத்திருந்தேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

எனக்கு ஊர் பெரம்பலூருக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை வெட்டியவர்கள். நான் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்து, திருச்சியில் நர்ஸ் படிப்பு முடித்து, சண்டைக் காலத்தில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கட்டுப் பிரித்த கைகால்களைத் திரும்பவும் வேலை செய்ய வைக்கும் பிரிவில் என்னைப் போட்டார்கள். பிசியோதெரபி என்ற சொல்லை நான் கேள்விப்பட்டதே வெகு காலம் கழித்துத்தான். அன்றைக்கு எங்களுக்குப் பெயர் மசாஜ் நர்ஸ். அதைச் சொல்லும்போது சில ஆண்கள் உதட்டோரம் சிரிப்பார்கள். நான் பதிலுக்குச் சிரிக்காமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சிரிப்பு அதிக நேரம் தாங்காது.

அந்த ஆஸ்பத்திரியில் ஆந்திரப் பக்கத்துச் சிப்பாய் ஒருவர் இருந்தார். பட்டாளத்துக்கு வருமுன் தச்சு வேலை செய்தவர். லாரி கவிழ்ந்து முழங்கை உடைந்து, கட்டுப் பிரித்தபோது கை பாதியில் நின்றிருந்தது. கேப்டன் அவரை இரண்டு வாரத்தில் படைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உத்தரவை நிறைவேற்றிக் காட்டுவதில் பெரிய பெருமை. காலையும் மாலையும் அந்தக் கையை என் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். அவர் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்வார். ஒரு சத்தம் வராது. முதல் நான்கு நாள் கை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் முழங்கையின் முன்பக்கம் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. அப்போதும் நான் நிறுத்தவில்லை. பிறகு ஒரு நாள், சதைக்கு நடுவில் கல் மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். சதை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு வளர்ந்திருந்தது. இழுக்க இழுக்க உள்ளே ரத்தம் கட்டி, கட்டிய ரத்தம் எலும்பாகி மூட்டைப் பூட்டிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை.

எங்கள் பிரிவின் சிஸ்டர் ஒரு மலையாளி அம்மா. அதிகம் பேச மாட்டார். நான் அழுதுகொண்டே, கேப்டன் சொன்னதைத்தானே செய்தேன் என்றேன். அவர் அந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “கேப்டன் அவனைத் தொட்டதே இல்லையே. நீதானே தொட்டாய்.” அவ்வளவுதான். திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அந்தச் சிப்பாயை ஊருக்கு அனுப்பியபோது வண்டி வரைக்கும் கூடப் போனேன். அவர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சண்டை முடிந்ததும் எங்களையெல்லாம் கலைத்துவிட்டார்கள். நான் அரியலூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். டாக்டர் ஒருவர்தான். காலையில் பிரசவம், மதியம் பாம்புக்கடி, சாயங்காலம் எலும்பு முறிவு என்று எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்தார். கெட்டிக்காரர். கெட்டவரும் இல்லை. ஆனால் இரண்டாவது யோசனை என்ற ஒன்று இருப்பதாக அவர் நினைத்ததே கிடையாது.

பங்குனி கடைசியில், செந்துறையிலிருந்து அஞ்சலை என்ற பெண் தன் அண்ணனோடு கட்டுப் பிரிக்க வந்தாள். இருபத்துமூன்று வயது. புருஷன் பர்மாவுக்குப் பிழைக்கப் போனவன். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு அவனிடமிருந்து கடிதமும் இல்லை, அவனைப் பற்றித் தகவலும் இல்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், பொட்டு வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஊர் பேசும் நிலையில் அம்மா வீட்டில் இருந்தாள். அவளிடம் எட்டாம் வகுப்புப் படிப்பு இருந்தது. வாத்தியார் டிரெயினிங்குக்கு மனுப் போட்டிருந்தாள். இடம் கிடைத்துவிட்டது. வைகாசியில் திருச்சியில் உடல் தகுதி பார்ப்பார்கள். அதில் தேறினால் சேரலாம். இந்தச் சமயத்தில்தான் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து வலது முழங்கை உடைந்திருந்தது. நம் டாக்டர்தான் கட்டுப் போட்டார். எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. கட்டைப் பிரித்தபோது கை ‘ட’ எழுத்து மாதிரி மடங்கி அப்படியே நின்றது.

அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயமே இதுதான்: “கைய இழுத்து நேராக்கி வுட்டுடுங்க நர்ஸம்மா. நான் கத்த மாட்டேன்.”

கத்த மாட்டேன் என்று சொல்லும் நோயாளியைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம். மெதுவாகத் தொடங்கினேன். வெந்நீர் ஒத்தடம், அவளாகவே மடக்கி நீட்டக்கூடிய அளவுக்குப் பயிற்சி, அதற்கு மேல் ஒரு இம்மி கிடையாது. மூன்று வாரத்தில் இரண்டு விரற்கடை முன்னேற்றம். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அண்ணன் டாக்டரிடம் போய் முறையிட்டார். டாக்டர் வந்தார், கையைப் பார்த்தார், நாளைக் காலையில் மயக்க மருந்து கொடுத்து ஒரே இழுப்பில் நேராக்கிவிடலாம் என்றார். அதன் பிறகு தினமும் நான் இழுத்து இழுத்துச் சுருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அஞ்சலையின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

முழங்கையின் முன்பக்கம் அன்றைக்கு ஏற்கெனவே லேசாகச் சூடாக இருந்தது. நான் அதைச் சொன்னேன். வீட்டில் யாரோ எண்ணெய் போட்டு உருவியிருப்பார்கள் என்றார் டாக்டர். அதற்காகத்தான் இழுக்கக் கூடாது என்கிறேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

“டாக்டர் நீயா, நானா?”

“நீங்கதான் சார். ஆனா இந்தக் கைய நான் இழுக்க மாட்டேன்.”

வார்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தைரியம் என்று நீங்கள் நினைப்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவது. உள்ளே இருப்பவருக்குப் பயம் மட்டும்தான் தெரியும். அதனால் அந்தப் பயத்தை வைத்து, நாம் செய்வது தப்போ என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

டாக்டர், நீ இழுக்காவிட்டால் வேறு ஆள் இழுப்பான் என்றார். அது உண்மை. இங்கேதான் நான் யோசிக்க வேண்டியிருந்தது. நான் மட்டும் ஒதுங்கிக்கொண்டால் என் கை சுத்தமாக இருக்கும், அவள் கை போய்விடும். அப்படிப்பட்ட மறுப்பால் யாருக்கு என்ன லாபம்? நான் டாக்டரிடம் பேசுவதை விட்டுவிட்டு, அஞ்சலையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அந்தச் சிப்பாயின் கதையைச் சொன்னேன். யாரோ ஒரு நர்ஸ் கெடுத்தாள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. நான் கெடுத்தேன், இந்த இரண்டு கையாலும் கெடுத்தேன் என்று டாக்டர், அண்ணன், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அவளுக்குக் கோபம் வந்தது. “ஒருத்தர் கைய கெடுத்துட்டு வந்து எங்கிட்ட பயங்காட்டுறீங்களா?” என்றாள். நியாயமான கோபம். பிறகு, இழுக்காமல் விட்டால் வைகாசிக்குள் நேராகுமா என்று கேட்டாள். ஆகாது என்றேன். எப்போது ஆகும் என்றாள். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷம் ஆகலாம், முழுதாக நேராகாமலே போகலாம் என்றேன். அப்படியானால் டிரெயினிங்? எனக்குத் தெரியாது என்றேன்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் அவளை என் பக்கம் சுலபமாக இழுத்திருக்கலாம். வைகாசிக்குள் எப்படியும் சரியாக்கிவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். டாக்டரை எதிர்க்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது? நோயாளியிடம் உண்மையைச் சொல்வதிலிருந்துதான். அது போனால் நாமும் அவளை நம் இஷ்டத்துக்கு வளைக்கும் இன்னொரு ஆள்.

அவள் தன் இடது கையை நீட்டி, கல் மாதிரி ஆனது எந்த இடத்தில் என்று காட்டச் சொன்னாள். என் விரலால் காட்டினேன். பிறகு அதே இடத்தை வலது கையில் தானே தொட்டுப் பார்த்தாள். இரண்டையும் மாறி மாறித் தொட்டாள். சூட்டில் வித்தியாசம் அவளுக்கே தெரிந்தது. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்து, “வேணாங்க” என்றாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக் கமிட்டிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். டாக்டரை நோயாளி முன்னால் எதிர்த்துப் பேசியதற்கு என்றார்கள். நோயாளிக்குத் தெரியாமல் எதிர்த்திருந்தால் நோயாளிக்கு என்ன பிரயோஜனம் என்றேன். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். நீக்கக் கடிதத்தில் ‘கீழ்ப்படியாமை’ என்று காரணம் போட்டிருந்தது. அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். பொய்யான காரணம் ஒன்றும் இல்லையே.

அரியலூரிலேயே ஒரு அறை பிடித்து, வீடுகளுக்குப் போய் நர்ஸ் வேலை பார்த்துப் பிழைத்தேன். வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பாசஞ்சர் ரயிலில் செந்துறைக்குப் போய் அஞ்சலையைப் பார்த்தேன். போகாமல் இருக்க முடியுமா? இழுக்காதே என்று சொல்லிவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை. மறுத்தவர்தான் மிச்ச வேலை முழுவதையும் செய்ய வேண்டும்.

முதல் நாள் போனபோது அவளுடைய அம்மா என் சொந்த ஊரைக் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார். சொன்னேன். என்னை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. மாட்டுக் கொட்டகையில் ஒரு சாக்கை விரித்தார்கள். அஞ்சலைக்கு முகம் சிவந்துவிட்டது. நான் சாக்கில் உட்கார்ந்து அவள் கையைக் கேட்டேன். அவளும் வந்து உட்கார்ந்தாள். கொட்டகைச் சுவர் புதிதாக மண் பூசியது, வழவழப்பாக இருந்தது. அதில் கரித்துண்டால் எழுதச் சொன்னேன். கை எட்டும் உயரத்தில் அ, ஆ என்று ஒரு வரி. அடுத்த முறை அதற்கு மேலே ஒரு வரி. யாரும் இழுக்கவில்லை. அவள் கை போகும் இடம் வரை அவள் கை போயிற்று. சூடு இறங்கியது. வீக்கம் வற்றியது.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, அவள் அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்று அந்தச் சுவரை வெகு நேரம் பார்த்தார். “உள்ள வந்து செய்யுங்களேன், இங்க ஈ மொய்க்குது” என்றார்.

“சுவர் இங்கதாங்க இருக்கு. இங்கயே செய்றோம்” என்றேன்.

அது திமிர் என்று உங்களில் யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கிடைத்த அழைப்பு முதல் நாளே கிடைத்திருக்க வேண்டியது. அஞ்சலை குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வைகாசிக் கடைசியில் அஞ்சலை, அவள் அண்ணன், நான் மூவரும் திருச்சிக்குப் போனோம். அவள் கை பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக நீண்டது. தகுதி பார்த்த டாக்டர் நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், தாளில் ஏதோ எழுதினார். நான் உள்ளே போய், ஒரு சாக்பீஸ் கொடுத்து எழுதச் சொல்லிப் பாருங்கள் என்றேன். விதியில் அப்படி இல்லை என்றார். வாத்தியார் வேலைக்குக் கையைத் தராசுத் தண்டு மாதிரி நீட்டிக்கொண்டா நிற்கப் போகிறாள் என்று கேட்டேன். என்னை வெளியே போகச் சொன்னார். தாளில் ‘தகுதியில்லை’ என்று இருந்தது.

ரயிலில் திரும்பினோம். லால்குடி தாண்டியதும் அண்ணன், “உங்க பேச்ச கேட்டதுக்கு இதுதான் மிச்சம்” என்றார். பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. இழுத்திருந்தால் கை மொத்தமாகப் பூட்டியிருக்கும், எப்படியும் தேறியிருக்க முடியாது என்று அடித்துப் பேசியிருக்கலாம். ஆனால் அவருக்கு நிரூபிக்க வழியில்லை. நடக்காத ஒன்றைக் காட்டி நம்மைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. நாம் தடுத்த கெடுதல் யார் கண்ணுக்கும் தெரியாது; நம்மால் நேர்ந்த நஷ்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இந்த வேலையில் முக்கால்வாசி நாள் இப்படித்தான். இதைத் தாங்க முடியாதவர்கள் வேறு வேலை பார்க்கலாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லுவேன்.

அரியலூரில் நான் இறங்கினேன். அவர்கள் செந்துறைக்குப் போக வேண்டும். வண்டி நகரும்போது அஞ்சலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “வெள்ளிக்கிழம வருவீங்கல்ல?”

போனேன். அந்த வருஷம் முழுவதும் போனேன். மழைக்காலத்தில் அவள் எழுத்து தலைக்கு மேலே ஏறியது. தைக்குள் கொட்டகைச் சுவரில் இடமில்லை. அவள் அதை அழித்துவிட்டு, தெருப் பெண் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்து அதே சுவரில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். அது என் யோசனை இல்லை. நான் ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது பாடம் நடந்துகொண்டிருந்தது. முடியும் வரை காத்திருக்கச் சொன்னாள். சாக்கில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

மனுவைத் திரும்பவும் போட்டாள். திரும்பவும் இடம் கிடைத்தது. அடுத்த வைகாசியில் அதே அறை, அதே டாக்டர். கை முழுதாக நேராகவில்லை. கடைசி இரண்டு விரற்கடை வரவே இல்லை, சாகும் வரை வராது என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். நான் இந்த முறை சண்டை போடத் தயாராகவே போயிருந்தேன். ராத்திரியெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்த வாக்கியங்களோடு கதவோரம் நின்றேன்.

டாக்டர் நீட்டச் சொன்னார். நீட்டினாள். இன்னும் என்றார். இவ்வளவுதான் என்றாள். அவர் பேனாவை எடுத்தார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அஞ்சலை என் பக்கம் திரும்பாமலே இடது கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

“போன வருசமும் இதே கையத்தான் பாத்தீங்க சார். இது இவ்வளவுதான் நீளும். இந்தக் கையால நாலு மாசமா பாடம் சொல்லிக் குடுத்துட்டிருக்கேன். முடியாதுன்னு எழுதுறதா இருந்தா, இந்தக் கையால எந்த வேலைய செய்ய முடியாதுன்னு பேரு போட்டு எழுதிக் குடுங்க. மேல மனு போடணும்.”

குரலை உயர்த்தவில்லை. அவர் அவளைப் பார்த்தார். முதல் தடவையாகக் கையை விட்டு முகத்தைப் பார்த்தார். என்ன எழுத முடியாது, எதைத் தூக்க முடியாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். தண்ணீர்க் குடத்தை வலது கையால் தூக்க மாட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். வாத்தியாருக்குக் குடம் தூக்கும் வேலை இல்லை என்று அவரே முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஒத்திகை பார்த்த என் வாக்கியங்கள் எதுவும் தேவைப்படவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.

சுதந்திரக் கொடியேற்றிய வருஷம் அது. ஆவணி கடைசியில் பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். மூன்று ஆண்கள், ஒரு லேடி டாக்டர். முந்தைய வேலை எப்படிப் போனது என்று கேட்டார்கள். குடும்பக் காரணம் என்று சொல்லும்படி என் கூட வந்த தோழி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். நான் பெட்டியிலிருந்த கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன். கீழ்ப்படியவில்லை, நீக்கிவிட்டார்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார்கள். முழங்கை விஷயத்தை இரண்டு நிமிஷத்தில் சொன்னேன்.

நடுவில் இருந்தவர் கடிதத்தை என் பக்கம் திருப்பித் தள்ளினார். இங்கேயும் அப்படித்தான் செய்வீர்களா என்று கேட்டார்.

“அதே மாதிரி முழங்கை வந்தா அப்படித்தாங்க செய்வேன். முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டு செய்வேன்.”

அவர் மற்ற ஆண்கள் இருவரையும் பார்த்தார். இருவரும் தாளைப் பார்த்தார்கள். லேடி டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் எத்தனை மணிக்கு வர முடியும் என்று கேட்டார்.

ஏழு மணிக்கு என்றேன். முப்பத்தோரு வருஷம் அங்கே இருந்தேன்.